பெரியப்பாவின் வெள்ளைத் தாடி

பொங்கலன்று தலத்தெரு வீட்டில், பெரியப்பா படுக்கிற அறையின் ஆணியில் தொங்கிய வெள்ளை இழைக்கற்றையை எடுத்துத் தாடியாகக் கட்டிக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் கிழவன் வேஷம் போட்டீர்கள். சின்னவன் குடையை ஊன்றிக் கூனி நடந்தான். பெரியவள் பெரியப்பா மாதிரியே இருமினாள். முதலில் ஒரு விசில், பிறகு நெஞ்சுக்குள் தகரம் உருளுகிற சத்தம், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்வது வரைக்கும் அச்சு அசல். வீடே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். நான் உங்களைத் திட்டவில்லை. தெரியாமல் செய்ததற்குத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் அது என்ன தாடி, அந்த இருமல் எங்கே பிடித்தது என்று எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, திருநள்ளாற்றில் ஒரு பெரிய லாட்ஜில் கழிவுநீர் பிளாண்ட் ஆபரேட்டராக இருந்தார். அறைகளிலிருந்து வருகிற குளித்த தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் பின்பக்கத் தொட்டியில் சேரும். அழுக்கைத் தின்கிற கிருமிகளை அதில் வளர்ப்பார்கள். அதற்குள்தான் இந்த வெள்ளை இழைகள் கற்றை கற்றையாக முங்கிக் கிடக்கும். பார்க்கச் சேமியா போல இருந்தாலும் ஒவ்வொன்றும் உள்ளே குழாய். சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. மோட்டார் உறிஞ்சும்போது தண்ணீர் மட்டும் உள்ளே போகும், அழுக்கு வெளியே நின்றுவிடும். மெம்பரேன் என்பார்கள். துளை அடைத்துக்கொண்டால் மோட்டார் என்ன இழுத்தாலும் தண்ணீர் வராது. தொட்டி நிரம்பி வழியத் தொடங்கும்.

எங்கள் ஊரில் அது அடைப்பதற்கென்று ஒரு காரணம் உண்டு. சனிக்கிழமை வருகிற பக்தர்கள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகுவார்கள். கூட்டம் அதிகமானால் லாட்ஜ் குளியலறையிலேயே தேய்த்துக் குளித்துவிடுவார்கள். தலை தலையாக எண்ணெய் சாக்கடையில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை இழைகளைத் தூக்கிப் பார்த்தால் வழுவழுவென்று கறுத்துக் கிடக்கும். நான் அப்போதும் ஆட்டோதான் ஓட்டினேன். சவாரியை இறக்கிவிட்டுப் பின்பக்கம் அண்ணனோடு டீ குடிப்பேன். ஒருநாள் மேனேஜர் வந்தபோது அண்ணன் கேட்டார்: "சார், ரூம்ல எண்ணெ தேச்சுக் குளிக்க வேணாம்னு ஒரு போர்டு வச்சிடுங்க சார். இல்லாட்டி எண்ணெ பிரிக்கிற தொட்டியாவது ஒண்ணு கட்டிக் குடுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியா ஆட்டோ, ஒங்க அண்ணன் சொல்றத? சனி புடிச்சவன்தான் நம்ம லாட்ஜுக்கே வரான். அவனப் போயி எண்ணெ தேய்க்காதங்குறான். அவனுக்குப் புடிச்ச சனி குளிச்சா போயிரும். எனக்குப் புடிச்ச சனி இந்தா நிக்கிது, டீ குடிச்சிக்கிட்டு!" அன்றிலிருந்து அண்ணனுக்கு லாட்ஜில் பெயரே 'சனி'தான். ரூம் பையன்கள் கூட, "சனியண்ணே, சாப்பாடு வந்துருச்சு" என்பார்கள். உங்கள் பெரியம்மா மாசமாக இருந்த நேரம் அது. அண்ணனுக்கு அந்த வேலை வேண்டும். அதனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

சனிப்பெயர்ச்சி வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். இழைகள் முற்றிலும் அடைத்துத் தொட்டி வழிந்தது. நாற்றம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. முதலாளி குடும்பம் மதியம் அங்கே சாப்பிட வருகிறது. இழைகளைப் பிளீச்சிங் மருந்தில் ஊறவைக்க வேண்டும், நன்றாக அலசிய பிறகுதான் ஆசிட் விட வேண்டும். நாள் முழுக்க ஆகும் வேலை. மேனேஜர் இரண்டையும் சேர்த்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். புகை கிளம்பும், ஆள் செத்துப்போவான் என்று அண்ணன் மறுத்திருக்கிறார். "நீ ஊத்த வேணாம். தோட்டக்காரன் ஊத்துவான்" என்று மேனேஜர் அங்கே நின்ற தோட்டக்காரப் பெரியவரிடம் கேனைக் கொடுத்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு தள்ளி நின்றுகொண்டார். அந்தப் பெரியவருக்குச் செடிக்கு மருந்து அடிக்கத்தான் தெரியும். அண்ணன் அவர் கையிலிருந்து கேனைப் பிடுங்கித் தானே ஊற்றியிருக்கிறார்.

நான் சவாரியோடு வந்தபோது அண்ணன் வாழைமரத்தடியில் கிடந்தார். வாயில் நுரை, கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெரியவர் அழுதுகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவர்தான் என்னிடம் சொன்னார். உள்ளே மோட்டார் நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. முதலாளி வீட்டார் சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போனார்கள்.

மறுநாள் லாட்ஜ் முழுக்க ஒரே பேச்சு: ஆபரேட்டர் குடித்துவிட்டு மருந்தை மாற்றி ஊற்றிவிட்டான். எந்த ஊரில் சொன்னாலும் விசாரிப்பார்கள். எங்கள் காரைக்காலில் அப்படிச் சொன்னால் யாரும் விசாரிப்பதில்லை. சரக்கு மலிவு என்று பக்கத்து மாவட்டத்துக்காரன் எல்லாம் குடிப்பதற்கென்றே பஸ் ஏறி வருகிற ஊர். ஆஸ்பத்திரியில் டாக்டரே, "எத்தன வருஷமா குடிக்கிறீங்க?" என்றுதான் தொடங்கினார். பெரியம்மா அண்ணன் வாயருகே குனிந்து மோந்து பார்த்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். முதலாளி முன்னால் நிறுத்திக் கேட்டபோது தோட்டக்காரப் பெரியவர், "நான் ரோசாச்செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேங்க, ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அண்ணனுக்கு வேலை போனது. மோப்பமும் போனது. பெரியப்பாவுக்கு இன்று வரை சாம்பார் வாசனையும் தெரியாது, சாக்கடை நாற்றமும் தெரியாது.

பிறகு அந்த இழைகள் எண்ணெயில் ஊறி ஊறி வீணாகி, லாட்ஜில் புதுசு மாட்டினார்கள். பழையதில் ஒரு கற்றையை அறுத்து எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் தலத்தெருவுக்கு வந்தார். வாசலில் வைத்தார். உள்ளே வராமலே போய்விட்டார். அண்ணன் அதைச் சோப்புப் போட்டு அலசி ஆணியில் மாட்டினார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

போன வாரம் அந்த லாட்ஜுக்கு ஒரு சவாரி போனேன். ஒவ்வொரு குளியலறையிலும் இப்போது போர்டு இருக்கிறதாம்: எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. புது மெம்பரேன் விலை அப்படி. திரும்பி வந்து அண்ணனிடம் சொல்லிவிட்டு, "இந்தக் கருமத்தத் தூக்கிப் போட்டுறவாண்ணே?" என்று ஆணியைக் காட்டினேன்.

"இருக்கட்டும்டா. அடச்சுப் போச்சுன்னு என்னையும் அதையும்தான தூக்கிப் போட்டாங்க. ஒண்ணுக்கொண்ணு தொணையாக் கெடக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் அதைக் கேட்டு ஓடிவந்து, கற்றையை எட்டி எடுத்துத் தாடையில் பிடித்துக்கொண்டு அதே மாதிரி இருமிக் காட்டினான். குழந்தை முகம் வாடக் கூடாது என்று பெரியப்பாவும் பதிலுக்கு ஒரு தரம் இருமிக் காட்டினார்.

அவருடைய அந்த இருமல் விளையாட்டுக்குத்தான் தொடங்கியது. அப்புறம் நிற்கவில்லை.