வியர்த்த பேட்டரி

யாக்கூத்தியாவின் உறைபனிக் காலையில் கெஸ்கிலின் வண்டி அசைய மறுத்தது. மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் மருத்துவமனையிலிருந்து அவன் அழைத்துவர வேண்டிய நாள் அது.

"குளிர்ல செத்துடக்கூடாதுன்னு ராத்திரி பூரா பேட்டரிய அடுப்புப் பக்கத்துல பிள்ளை மாதிரி வச்சிருந்தேன், உய்குனாக்கா!"

வண்டிகளின் மின்கோளாறு பார்க்கும் உய்குனா குனிந்தாள். பேட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தும் விளக்கு மினுங்கவில்லையே என்பது அவளுக்குப் பெருவியப்பு. பேட்டரிக் கம்பியின் கவ்வியைக் கழற்றியதும் ஈயமுனையில் கண்ணாடித்தோலாய்ப் பனி தெரிந்தது. அடுப்பில் கொதித்த கெண்டியின் ஆவி, வெளியிலிருந்து வந்தபோது குளிர்ந்திருந்த முனையில் ஈரமாய்ப் படிந்து, காலையில் வெளியே கொண்டுவந்ததும் உறைந்து, மின்சாரத்தை மறித்திருந்தது.

"பிள்ளை மாதிரி வச்சியே, துடைச்சு விட்டியாடா?"

"இல்லையேக்கா..."

"வீட்டுக்கு வரப்போற பிள்ளையையாவது நல்லாத் துடை!"

சிரித்தபடியே முனையைச் சுரண்டித் துடைத்துக் கவ்வியை இறுக்கினாள். எஞ்சின் உறுமியது.