ஏரிக்கரையில் கிடைத்த வேர்

பச்சை வேர் எரியும்போது கிளம்பும் புகை கண்ணைக் கரிப்பதோடு நிற்காது, நாக்கின் அடியிலும் ஒரு கசப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திருமுல்லைவாயிலில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பின்பக்கம், மூன்று செங்கல்லைக் கூட்டி அம்மா வெந்நீர் போடுகிற அடுப்பில், நான் ஐந்தாவது படித்த அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் எரிந்தது அப்படிப்பட்ட வேர்தான். அதைக் கொண்டுவந்து போட்டவள் நான்.

அப்பாவை நான் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். தாத்தா கூலிக்கு நாற்று நட்ட வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டதால் நைனா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார், அதையும் இழுத்து மூடிய பிறகு மரம் ஏறப் போனார். முதலில் தேங்காய் பறிக்க, அப்புறம் கரண்டுக் கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க. எந்த மரமானாலும் ஏறுவதற்கு முன்னால் வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். உள்ளே பொந்து இருந்தால் அவர் காதுக்குத் தப்பாது. "கேட்டா மரமே சொல்லிடும் கண்ணு" என்பார். வேறு ஆட்கள் எடுத்த வேலைக்குக்கூட, "அண்ணாத்தே, வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போ" என்று அவரை வந்து கூட்டிப்போவார்கள். அந்தக் காதைப் பற்றி அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமே உண்டு, எனக்கு அதைவிட அதிகம்.

அந்த வருடம் மழைக்கு முன்னால், நான் பள்ளிக்கூடம் போகும் தெருவில் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். கால்வாய்க்கும் ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜேசிபி அதன் அடியில் மண்ணைக் கோரியபோது தொடை பருமனுக்கு வேர்கள் வெளியே வந்தன. வேலையாட்கள் அவற்றைக் கோடாலியால் வெட்டிப் பள்ளத்தின் ஓரத்தில் எறிந்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சிறு துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, புத்தகப் பையிலும் கையிலுமாக மூன்று நாள் வீட்டுக்குச் சுமந்தேன். அம்மா விறகுக்கு அலைவது எனக்குத் தெரியும், அந்த வயதில் அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

ஒரே சிக்கல், "பள்ளத்தாண்ட போனே, கால ஒடச்சிடுவேன்" என்று நைனா முன்பே மிரட்டி வைத்திருந்தார். அதனால் "ஏது கண்ணு இந்த வேரு?" என்று அவர் கேட்டபோது, "ஏரிக்கரையாண்ட கெடந்துச்சி நைனா" என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"தூங்குமூஞ்சி வேரு மாரி கீது. ஏரிக்கரைல ஏது தூங்குமூஞ்சி?"

"லாரில கொண்டாந்து கொட்னாங்க."

நம்பிவிட்டார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. மழை விட்ட சனிக்கிழமை காலையில், தூங்குமூஞ்சி நின்ற அந்த வீட்டுக்காரர் நைனாவை அழைத்திருந்தார். தெருப்பக்கத்துக் கிளைகள் கரண்டுக் கம்பியில் உரசிப் பொறி பறந்ததாம். கழிக்கும் கிளைகளை இழுத்துப் போட அம்மாவும் போனாள், லீவு என்பதால் நானும் கூடப் போனேன். கால்வாயின் மேல் புது சிமென்ட் பலகைகள் பாவியிருந்தன. பள்ளம் இருந்த சுவடே இல்லை.

நைனா வழக்கம்போலச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கணீரென்று சத்தம் வந்தது, உள்ளே பொந்து இல்லை. அப்புறம் பலகைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"சார், கால்வா தோண்டறப்போ வேரு கீரு வெட்னாங்களா?"

"அது பழைய கால்வாய்தானப்பா. இருந்த இடத்துலயேதான் கட்டினாங்க."

அவர் தெரிந்து சொல்லவில்லை, பகலில் அவர் வீட்டிலேயே இருப்பதில்லை. தெரிந்தவளான நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் ஏரிக்கரைப் பொய் வெளியே வரும், அம்மா முன்னால் அடி விழும். அது ஒன்றுதான் என் பயம். மரம் விழும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதையும் இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நைனா மேலே போய் இடுப்புக் கயிற்றை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். தெருப்பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். தெருப்பக்கம் பாரம் குறையக் குறைய, மரத்தின் கனமெல்லாம் வீட்டுப் பக்கம் போனது. இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய வேர்கள் எங்கள் அடுப்பில் சாம்பலாகிவிட்டிருந்தன. மூன்றாவது கிளை விழுந்ததும் பலகை ஓரத்து மண் வாய் பிளந்ததைப் பார்த்தேன். மரம் முறியவில்லை, நின்ற வாக்கிலேயே மெதுவாகச் சாய்ந்தது. "குதிச்சிடு!" என்று அம்மா கத்தினாள். கயிறு அவரை விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு, மல்லாந்து கிடந்த மரத்தின் அடியில் கோடாலி வெட்டுகள் வழவழவென்று தெரிந்தன. மழையில் மண் இளகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மரத்தைத் துண்டு போட்டு ஏற்றிப் போய்விட்டார்கள்.

நைனா அதற்குப் பிறகு நாலு வருடம் கட்டிலில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. யாராவது பார்க்க வந்தால், "தட்டிப் பாத்துட்டுதானே ஏறினேன், நல்லாதானே சொல்லிச்சி" என்று ஆரம்பிப்பார். நாள் போகப் போக வருபவர்கள் குறைந்தார்கள். அப்புறம் கட்டில் காலை, சுவரை, கைக்கு எட்டிய ஜன்னல் சட்டத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "என் காது போச்சு கண்ணு. அன்னிக்கி அது வேற இன்னாவோ சொல்லியிருக்குது, எனுக்குத்தான் கேக்கல."

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மத்தியானம், "நைனா, அந்த வேரு..." என்று ஆரம்பித்துவிட்டேன். "இன்னா கண்ணு?" என்று என் பக்கம் திரும்பினார். "தண்ணி வோணுமா?" என்று கேட்டேன். அடுத்த தை மாதம் அவர் போய்விட்டார்.

இன்றைக்கு எனக்கும் மரம் ஏறுவதுதான் பிழைப்பு. முறையாகப் பயிற்சி எடுத்தவள், இடுப்பில் பெல்ட், தலையில் ஹெல்மெட், சட்டென்று கழற்றிக்கொள்ளும் கயிறு எல்லாம் உண்டு. பூந்தமல்லிப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கூப்பிடுகிறார்கள். 'ஆர்பரிஸ்ட்' என்று கார்டு அடித்திருக்கிறேன், அம்மா அக்கம்பக்கத்தில் 'மரத்து டாக்டர்' என்கிறாள். ஏறுவதற்கு முன்னால் அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறி ஒவ்வொரு வேரையும் பார்ப்பேன். "மரம் ஏற வந்தீங்களா, கிணறு வெட்ட வந்தீங்களா மேடம்?" என்று போன வாரம்கூட ஒருவர் கிண்டல் செய்தார். பதிலுக்குச் சிரித்துவைத்தேன்.

அந்தத் தெருவில் இப்போது ஒரு மரமும் கிடையாது. தூங்குமூஞ்சி நின்ற இடத்தில் ஸ்கூட்டர்களை நிறுத்துகிறார்கள். எங்கள் ஓட்டு வீடும் போய், அம்மா மாடி வீட்டில் ஹீட்டர் வெந்நீரில் குளிக்கிறாள். வெட்டுக்கத்தியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். வேரைப் பார்த்து முடித்ததும் அதன் பின்பக்கத்தால் ஒரு சுற்றுத் தட்டுவேன். நைனாவுக்குக் கேட்டதுதான் எனக்கும் கேட்கிறது. அவர் காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

சமீபத்தில் வீட்டுக்கு வந்த ஒருவர் நைனாவைப் பற்றி விசாரித்தார். "கடைசில அவுருக்குக் காது சரியா கேக்கல, பாவம்" என்றாள் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் வேலைக்குக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்துப் பைக்குள் வைத்தேன்.