சீசன் நேரத்துத் தைராய்டு

பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை எத்தனையோ வருஷமாக நடத்தி வருகிறேன். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, அது அதிகமாகச் சுரந்தால் மெலிவு, படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், எரிச்சல் என்று போர்டில் எழுதிப் போடுவேன். பரீட்சையில் பிள்ளைகள் அதில் ஒன்றை விட்டால்கூட மார்க்கைக் குறைப்பேன். அத்தனையும் எனக்கே வந்து மாதக்கணக்கில் குடியிருந்தபோது ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாததற்கு ஊரும் ஒரு காரணம். மாசி, பங்குனியில் தென்காசியில் வியர்க்காத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மெலிந்ததைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என்ன டயட் என்று விசாரித்தார்கள். நானோ காலையில் இட்லிச் சட்டியையே காலி பண்ணிவிட்டு வந்து, இண்டர்வலில் பக்கத்து டீச்சரின் டிபன் டப்பாவை வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலைச் சொல்லவே வேண்டாம். டீச்சருக்கு எரிச்சல் வந்தால் அதை யாரும் நோயில் சேர்ப்பதில்லை.

ஒருநாள் போர்டில் இதயத்தின் படம் போட்டேன். சாக்பீஸ் என் சொல்பேச்சு கேட்கவில்லை, கோடெல்லாம் நெளிந்தது. முன் பெஞ்சிலிருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், நெசமாவே துடிக்குத மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டத்தான் சொன்னாள், பாவம். அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை டாக்டருக்குப் போன் போட்டு நாள் கேட்டேன்.

டாக்டர் என் கழுத்தில் விரலை வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார். ரத்தத்தைப் பார்த்தார். சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை, படபடப்புக்கு ஒரு மாத்திரை என்று எழுதினார். "உடனே சரியாயிரும்னு எதிர்பார்க்காதீங்க, மாசக்கணக்கில ஆகும்" என்றார். கிளம்பும்போது மறுபடி உட்கார வைத்து, "ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா சுரப்பி மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தம் பாக்கணும். அபூர்வமா சிலருக்கு அந்த மாத்திரை வெள்ளை அணுவைக் காலி பண்ணிரும். அப்புறம் சாதாரணக் கிருமிகூட ஆளை முடிச்சிரும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நன்றாகத் தலையாட்டினார். அவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகிய கழுத்து அது.

மாத்திரை வேலை செய்தது. அடுத்த சோதனையில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் இறங்கி வரம்புக்குள் வந்திருந்தது. அந்தச் சேதி என் உடம்புக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மாடி ஏறினால் பாதிப் படியில் தொடை கழன்று விடும். பாத்ரூமில் குந்தினால் எழுந்திருக்கக் குழாயைப் பிடிக்க வேண்டும். தலை வாரினால் சீப்பில் ஒரு சவுரி இருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சுக்குள் தறி ஓடும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். டாக்டரிடம் கேட்டால், ரத்தம் முதலில் சரியாகும், உடம்பு பின்னால்தான் வரும் என்றார். வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை மட்டும் நம்புகிறவர். "நார்மல்னு போட்டிருக்காம்லா, பொறவு என்னட்டி?" என்பார்.

இதில் அநியாயம் எதுவென்றால், நெஞ்சு அடிப்பதையும் தொடை கழலுவதையும் நோய் இல்லை என்றவர்கள், என் கோபத்தை மட்டும் முழுக்க நோயின் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஈரத் துண்டை மெத்தையில் போடாதீர்கள் என்றால் தைராய்டு. கடையிலிருந்து வரும்போது தயிர் வாங்க மறந்தது ஏன் என்று கேட்டால் தைராய்டு. எனக்குக் கோபம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு, நல்ல தரமான கோபம். இத்தனை வருஷம் அதற்குப் பயந்து தயிர் வாங்கி வந்த மனுஷன், இப்போது சிரித்துக்கொண்டே, "மாத்திரை போட்டியா?" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுததும் தைராய்டு.

அப்படி இருக்கும்போதுதான் சீசன் ஆரம்பித்தது.

தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் ஒரு தனி வியாதி உண்டு. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று செய்தியில் சொன்ன மறுநாளே சொந்தக்காரர்களுக்கு நம் மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். மற்ற மாதங்களில் போனை எடுக்காதவர்கள், "சாரல் அடிக்கா?" என்று கேட்பார்கள். அடிக்குது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் கொள்ளைப் பசியுமாக வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்தவனுக்கு எடுக்கும் பசி சாதாரணப் பசி இல்லை. உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்து, கோழிக் குழம்பும் வைத்தால் அரை மணி நேரத்தில் பாத்திரம் கழுவப் போட்டுவிடலாம்.

இந்த வருஷம் முதலில் வந்தது மைனி குடும்பம். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. சென்னையில் இருக்கிறார். நல்ல மனுஷிதான், ஆனால் எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே காரணம் உண்டு, அது சூடு. என் கண்ணைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். "ஒனக்கு ஒடம்பெல்லாம் சூடுட்டி. குத்தாலத்தைப் பக்கத்துல வச்சிக்கிட்டு பாளையங்கோட்டை டாக்டருக்கு எதுக்கு அழுகே? ஐந்தருவில தலையக் குடு, எல்லாம் எறங்கிரும்" என்றார்.

நான் விஞ்ஞானம் படித்தவள். ஆனாலும் போனேன், வைத்தியத்துக்காக இல்லை, ஆசையில். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சுகம். பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். மாதக்கணக்கில் அடுப்புக்குள் இருந்த உடம்பு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குளிர்ந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கவில்லை. அதுவே பெரிய விடுதலையாக இருந்தது. போலீஸ்காரம்மா விசிலடித்து விரட்டும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் வீடு முழுக்க இருமல். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அருவிக்குப் போய்வந்தால் தொண்டை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஒழுங்காகக் குளிக்கவில்லை என்று அர்த்தம். வந்தவர்கள் கரகரத்த குரலில் சந்தோஷமாகப் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்காரி பெரிய பாத்திரத்தில் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைத்து எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். நானும் ஊற்றினேன். சோபாவிலும் மெத்தையிலும் நாற்காலி முதுகிலும் ஈரத் துண்டுகள் கிடந்தன. அதைப் பார்த்ததும் என் குரல் ஏறிவிட்டது, ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். எல்லாரும் திடுக்கிட்டுப் பார்க்க, வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்து, "தைராய்டு" என்று மெதுவாகச் சொன்னார். உடனே எல்லார் முகத்திலும் ஒரு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைவிட நாலு அடி அடித்திருக்கலாம். இனி இவர்கள் கிளம்பும்வரை குரலை உயர்த்துவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது எனக்குத் தொண்டையில் முள் குத்தியது. எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பு கொதித்தது, இது பழைய கொதிப்பு இல்லை, குளிரோடு வந்த கொதிப்பு. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். சுரப்பி மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடாமல் வைத்தேன். கூடத்துக்கு வந்து, முடிவு செய்திருந்தபடி ரொம்பத் தன்மையாக, "எனக்குத் தொண்டை வலிக்கி. காய்ச்சலும் இருக்கு. டாக்டர் சொன்னார்லா, இன்னைக்கே ரத்தம் பாக்கணும்" என்றேன்.

"எனக்கும்தான் வலிக்கி" என்றார் மைனி. அவர் வீட்டுக்காரர் இருமிக் காட்டினார். பிள்ளைகள் தங்களுக்கு யாருக்கு அதிகம் என்று போட்டி போட்டார்கள்.

"சீசன் தொண்டைதானட்டி. நாளைக்குப் பாப்பம். இன்னைக்குத்தான் கூட்டம் இருக்காது, அக்காளைப் பழைய குத்தாலம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"சரி" என்றேன். அப்படி ஒரு நல்ல பெண்ணாக வாழ்நாளில் நான் நடந்துகொண்டதே இல்லை. மைனிக்கே ஆச்சரியம். "பாத்தியா, அருவில குளிச்சதும் கோவம் எறங்கிட்டு" என்று தம்பியிடம் சொன்னார். எல்லாரும் துண்டோடு காரில் ஏறிப் போனார்கள்.

வீடு காலியானதும் பயம் வந்தது. நிஜமான பயம். வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். காவல்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்றால் இந்தத் தொண்டையில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. படித்ததனால் கிடைத்த ஒரே லாபம் அதுதான். ஆட்டோ பிடித்து லேபுக்குப் போனேன். ரத்தம் எடுத்த பெண் கொஞ்ச நேரம் கழித்து வந்து, இன்னொரு தடவை எடுக்கணும்க்கா என்றாள். இரண்டாம் தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டாக்டர்ட்ட நானே பேசட்டுமா?" என்றாள். டாக்டர் போனில் என்னிடம் சுருக்கமாகப் பேசினார். வெள்ளை அணு அநேகமாக இல்லை, வீட்டுக்குப் போக வேண்டாம், அங்கிருந்தே கிளம்பி வாருங்கள் என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அருவியில் நிற்கிறவர் போன் எங்கே இருக்கும்? எண்ணெய்ப் பாட்டிலோடு பைக்குள். கோயம்புத்தூரில் படிக்கிற மகனைக் கூப்பிட்டுப் பயமுறுத்த மனசில்லை. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, பின் சீட்டில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு படுத்தேன். ஆலங்குளம் தாண்டும்போது, நான் போய்விட்டால் இந்த மனுஷன் எல்லாரிடமும் அவளுக்குத் தைராய்டு என்றுதான் சொல்வார் என்று தோன்றியது. செத்தாலும் அந்தப் பெயர்தானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாளையங்கோட்டைவரை என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஆத்திரம்தான்.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டு, கையில் ஊசி குத்தி, மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். யாரும் கிட்டே வரக்கூடாது. இனிமேல் அந்த மாத்திரை ஜென்மத்துக்கும் கூடாது, தேறினால் சுரப்பிக்கு வேறு வழி பார்ப்போம் என்றார் டாக்டர். தேறினால் என்ற வார்த்தையை அவர் வேகமாகச் சொல்லிக் கடந்தார். எனக்குக் கேட்டுவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். வாயில் மாஸ்க், தலையில் எண்ணெய், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் அவரிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பொத்தானைக் கழற்றி மறுபடி தப்பாகவே போட்டார். பிறகு, "நீ எப்பவும் போல சத்தம் போட்டிருந்தா நான் அப்பவே வண்டிய எடுத்திருப்பேம்லா. எதுக்கு அவ்வளவு மெதுவாச் சொன்ன?" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அதைக் காட்டத்தான் தொண்டை இல்லை. மிச்சமிருந்த குரலில், "சத்தம் போட்டா தைராய்டும்பிய. மெதுவாச் சொன்னா நாளைக்கும்பிய. நான் எப்படிச் சொன்னா நீங்க கேப்பிய?" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எந்தக் கேள்விக்கும் கையிலேயே பதில் வைத்திருக்கிற மனுஷன் அவர். மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதிலிருந்து நான் ஏன் அழுகிறேன் என்பதுவரை அவருக்குத் தெரியாதது கிடையாது.

"தெரியலட்டி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மறுநாள் டாக்டர் வந்ததும், என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் உள்ளே விடுங்கள் என்று கேட்டேன்.