பழுது என்று விட்டுப்போன பெட்டிகள்

தெருவில் அவளை ஸ்விட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே அவள் வீடு. அதில், பழைய மெத்தையை ஜன்னலில் நிறுத்திச் சத்தம் வெளியே போகாமல் அடைத்த ஒரு சின்ன அறை. உள்ளே எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒரு ஸ்விட்சு தட்டுப்படும். டிவி தொடர்களுக்கு இசை போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. பதிவு செய்வது கம்ப்யூட்டரில். சத்தம் மட்டும் மேசைமேல் இருக்கும் இரண்டு பெட்டிகளுடையது. ஒன்று, தாளம் போடும் டிரம் மெஷின். இன்னொன்று, காட்டுக்குள் யாரோ விம்முவது போல ஒலி எழுப்பும் சிந்தசைசர்.

இரண்டும் அவள் கணவன் வாங்கியவை. அவன் ஒரு பாடகியோடு போன அன்று மைக்கை எடுத்துப் போனான், ஸ்பீக்கரை எடுத்துப் போனான், ஜன்னல் திரையைக்கூட உருவிக்கொண்டு போனான். இந்த இரண்டு பெட்டிகளையும், பெற்ற தாயையும் விட்டுப்போனான். மூன்றுமே அவன் கணக்கில் பழுது.

பெட்டிகளில் ஒரு கோளாறும் இல்லை. கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டினால் தாளம் தள்ளாடியது, அவ்வளவுதான். "இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்பான் அவன். கல்யாணமான புதிதில் அவளைப் பற்றியும் அதையேதான் சொன்னான்.

அவன் போன பிறகு அழுது தீர்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. சமைத்தாள், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு ஒயரை மாற்றி மாற்றிச் செருகினாள். மாதக்கணக்கில் தோற்றாள். ஒரு மத்தியானம் டிரம் மெஷினும் கம்ப்யூட்டரும் பிசகாமல் சேர்ந்து ஓடின. அன்றைக்குத்தான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சமையலறையிலிருந்து ஓடிவந்த மாமியார், "யாரு செத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சாகலை அத்தை. பொழைச்சிருக்கு."

அதன் பிறகு வேலை வந்தது. அவள் இசை போட்ட ஒரு தொடர் வீடு வீடாக ஒலித்தது. அதைக் கேட்டுத்தான் அவன் ஒரு நாள் படியேறி வந்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னொரு தொடருக்கு முகப்பு இசை முடித்துக் கொடுக்க வேண்டும். டிரம் மெஷினில் தாளம் தயாராக இருந்தது, பதிவு மட்டும் பாக்கி. வந்தவன் செருப்பைக் கழற்றாமல் நேராக மேசைக்குப் போனான்.

"என் பெட்டி ரெண்டையும் எடுத்துட்டுப் போக வந்தேன். தயாரிப்பாளர் ஒருத்தர் இந்த சவுண்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

பெட்டிகள் போனால் இன்றைய வேலை போகும். இந்த ஒலிக்காகத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் போவார்கள்.

"பழுதுன்னு சொல்லித்தானே விட்டுட்டுப் போனீங்க?"

ஒரு காலத்தில் அவனை 'என்னங்க' என்று கூப்பிட்டவள். அந்த 'என்னங்க' எப்போதோ தேய்ந்துபோய், வெறும் 'நீங்க' மட்டும் மிஞ்சியிருந்தது.

"வாங்கினது நான். அம்மா, நீயே சொல்லு."

"உன்னையும் நான்தான்டா பெத்தேன். உன்னை எடுத்து வச்சுக்க முடிஞ்சுதா என்னால?" என்றார் மாமியார், வாசற்படியில் நின்றபடி.

அவன் காது சிவந்தது. ஸ்விட்ச் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்க பெட்டின்னா உங்க பேச்சைக் கேக்கணும், இல்லையா? உக்காருங்க. கம்ப்யூட்டரோட சேர்த்து ஓட்டிக் காட்டுங்க."

"இது என்ன பெரிய வித்தையா?"

அவன் உட்கார்ந்தான். கம்ப்யூட்டரிலிருந்து டிரம் மெஷினுக்கு ஒரு ஒயர், டிரம் மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். பழைய வழக்கம் மாறவில்லை. இரண்டு பக்கமும் கட்டினால்தான் பிடி இறுகும் என்று அன்றும் சொன்னான். கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தாளம் சொல்ல, அதே தாளத்தைப் பெட்டி திரும்ப கம்ப்யூட்டருக்குச் சொல்ல, இரண்டும் ஒன்றை ஒன்று திருத்தத் தொடங்கின. முதலில் நன்றாகத்தான் போனது. அவன் புருவத்தை உயர்த்திச் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் தாளம் மூச்சிரைத்து ஓடியது, சட்டென்று தளர்ந்தது, மறுபடி ஓடியது.

"குடிச்சுட்டு மாடிப்படி ஏறுறவன் மாதிரி இருக்கே" என்றார் மாமியார்.

"ஒயர் சரியில்லை."

"மாத்திக்கோங்க. அலமாரியில புதுசு இருக்கு."

மாற்றினான். மென்பொருளை மூடித் திறந்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். கடைசியில் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தான். அந்தக் கையை அவள் எட்டிப் பிடித்தாள். கல்யாணத்தன்று பிடித்த அதே கை. இன்று பிடித்த பிடி வேறு.

"அடிக்கிறது இந்த வீட்டுல இனிமே கிடையாது."

அவன் மெல்லக் கையை உருவிக்கொண்டான்.

"நீ என்னதான் பண்றே? சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"நான் வக்கீலோட வருவேன்."

"தாராளமா வாங்க. அவரையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

அவன் படியில் பாதி இறங்கி நின்று, அண்ணாந்து பார்த்தான். "ஒருவேளை ஓடியிருந்தா? கொடுத்திருப்பியா?"

"ஓடியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்!"

கீழே கண்ணாடிக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

உள்ளே வந்து, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாளத்தைத் திருப்பிச் சொல்லப் போன ஒயரைப் பிடுங்கினாள்; ஒலி போகும் ஒயர் வேறு. கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், பெட்டி கேட்க வேண்டும். இன்னொரு வேலைக்கு வேண்டுமானால் பெட்டி சொல்லட்டும், கம்ப்யூட்டர் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பதிவின் தொடக்கத்தில் ஒரு தாளச் சுற்று வெற்றிடம் விட்டாள்; கிளம்பும்போது பெட்டி கொஞ்சம் தடுக்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். டிரம்மைத் தனியாகவும் சிந்தசைசரைத் தனியாகவும் பதிந்தாள். பதிந்த ஒலி எப்போதும் இம்மி பிந்தித்தான் வந்து நிற்கும். பிந்தினால் பயமில்லை, எல்லா அடியும் ஒரே அளவு பிந்தும். பதிவை மொத்தமாகப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள். திரையில் ஒவ்வொரு அடியும் தாளக் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

மாமியார் கதவோரமாக வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. எவ்வளவானாலும் பெற்ற வயிறு.

"ஏம்மா, அவன் மறுபடி வருவானா?"

"வந்தா வரட்டும் அத்தை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டட்டுமா? தெருமுனை வரைக்கும் கேக்கணும்."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னலில் நின்ற மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் தள்ளினார்.

"கூட்டு."