ராபியாவின் வண்டி உதைத்த நாட்கள்

முதல் உதை பிள்ளையார்பட்டி விலக்கில் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மகள் சனாவுக்கு ரத்தம் ஏற்றிவிட்டு ராபியா காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு மறுபடி வேகம் எடுத்தபோது, பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல வேன் குலுங்கியது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை.

நடு சீட்டில் படுத்திருந்த சனா தலையைத் தூக்கினாள். "என்னம்மா, எதுலயும் மோதிட்டீகளா?"

"பள்ளம்மா. நீ படுத்துக்க."

அது பள்ளம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ராபியாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் ஆகாது. சனாவுக்கோ பிறவியிலேயே ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும். எத்தனையோ வருஷம் தாயும் மகளும் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். இடம் கிடைக்காத நாளில், ரத்தம் குறைந்து வெளிறிப்போன பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலூர் வரை நின்றிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் ஷார்ஜாவில் சமையல் வேலை பார்க்கும் கணவர் அபூபக்கர், ஏழு பேர் உட்காரும் பழைய ஆட்டோமேட்டிக் வேன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வலது கால் ஒன்று போதும். நாற்பது வயதில் ஓட்டப் பழகினாள் ராபியா. அதற்கப்புறம் அந்தப் பாதைக்கு அவள் யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை.

அடுத்த பயணத்தில் நான்கு முறை உதைத்தது. வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. கொழுந்தன் ரிஸ்வான் காதில் விழுந்தால், "அப்பவே சொன்னேன்ல மதினி, இந்தக் காலை வச்சுக்கிட்டு வண்டி வேணாம்னு" என்று சாவியை வாங்கி வைத்துவிடுவான். ஒருவேளை தன் கால்தான் தப்பாக மிதிக்கிறதோ என்றும் ஒரு பயம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வலது பாதத்தையே கவனித்தாள்.

மதுரையில் ஒரு பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கியர்பாக்ஸே போச்சும்மா. மாத்துங்க, இல்லாட்டி வண்டியத் தள்ளி விட்டுருங்க." அன்று வீடு வந்து சேரும்வரை ராபியா நாற்பதைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர்தான் பள்ளத்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இருளாண்டியைப் பற்றிச் சொன்னார். இருளாண்டி வண்டியைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தங்கச்சி. எப்ப உதைக்குது?" என்றார்.

இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. "காலைல கிளம்பயில ஒண்ணும் இல்லண்ணே. மேலூர் தாண்டி நல்லா சூடானப்புறந்தான். நேர் ரோட்டுல பேசாம வரும். வளைவுல திரும்பி மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அப்புறம் சடார்னு ஒரு உதை."

"வளைவுலயா?" இருளாண்டி எழுந்தார். "ஓட்டுங்க, பக்கத்துல உக்காந்து வாரேன்."

முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பொய் சொன்னவள்போல ராபியாவுக்குக் கூச்சமாக இருந்தது. பைபாஸில் ஏறுவதற்கு வலப்பக்கம் திரும்பி மிதித்தாள். இன்ஜின் அலறியது. வேன் நடு ரோட்டில் குறுக்காக நின்றது. ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று ஹாரனை அழுத்தியபடி நேராக வந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!" அவள் இன்னும் மிதித்தாள்.

"காலை எடுங்க! எடுத்துட்டு மெதுவா மிதிங்க!"

எடுத்தாள். மெல்ல மிதித்ததும் ஓர் உதை. வேன் துள்ளிப் போய் ரோட்டோர மண்ணில் ஏறியது. டிப்பர் காற்றை அடித்துக்கொண்டு கடந்தது. சனா பின்னால் இருந்திருந்தால் என்று நினைத்ததும் ராபியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி" என்றார் இருளாண்டி.

ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குத் திரும்பினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. வண்டியைத் தூக்கி அடித்தகட்டைக் கழற்றியபோது குழம்பு மாதிரி ஆயில் தேங்கியிருந்தது. கியர் ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வெடித்துக் கசிந்ததெல்லாம் தகட்டிலேயே தங்கிவிட்டதால் வீட்டு வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை.

"இருக்குற கொஞ்ச ஆயிலும் வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கிருது. பம்பு காத்தைத்தான் இழுக்குது. அதான் நகராம நின்னு, அப்புறம் உதைக்குது."

"அப்ப கியர்பாக்ஸ் போகலையாண்ணே?"

"கியர்பாக்ஸுக்கு அடியில இருக்குற ஆயில் பேனைத் திறந்தாத்தான் சொல்ல முடியும். இரும்புத் துண்டு கிடந்தா கதை முடிஞ்சது."

அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். ராபியா அந்தப் பக்கம் பார்க்காமல் ஓதிக்கொண்டே நின்றாள். இரும்புத் தூளைப் பிடிக்க பேனுக்குள் வைத்திருந்த காந்தத்தில் கறுப்பாக அப்பியிருந்ததை அவர் இரு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மையாத்தான் இருக்கு. துணுக்கு ஒண்ணும் இல்ல. தப்பிச்சீக. இன்னும் ரெண்டு தடவை மதுரை போயிருந்தா அம்புட்டுத்தான்."

புது ஹோஸ், புது ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியபின் கியர் விழுவதே தெரியவில்லை. கம்பியை எப்படிப் பார்ப்பது என்று அவரிடமே கற்றுக்கொண்டாள். அன்று இரவே அபூபக்கருக்கு போன் போட்டு, டிப்பர் வந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.  "என்கிட்டயாவது முன்னமே சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர்.

பயம் ஆயிலோடு வடிந்துவிடவில்லை. வளைவு வந்தால் இன்றைக்கும் அவள் முதுகு விறைக்கிறது. போன மாதம் கிளம்பும்போது சனா கேட்டாள், "இன்னும் பயமா இருக்காம்மா?"

"இருக்கு" என்றாள் ராபியா. "பெல்ட்டப் போடு. ஒன்பது மணிக்கு டாக்டர் வந்துருவாரு."