திருவாதிரைக்குத் துணை உண்டோ

தொண்ணூறுகளின் ஒரு மார்கழியில், எங்கள் ஊர்ச் சிவன் கோயில் தாமிர சபையின் முன் திருவாதிரைச் சொற்பொழிவு ஆற்றும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. என் மருமகள் அப்போது வானியல் ஆய்வு மாணவி. குளிர்ந்து சிவந்து ஊதிப் பெருத்த விண்மீன்களுள் எத்தனை துணையோடு இரட்டையாய் இருக்கின்றன என்பதே அவள் ஆய்வு. ஆதிரையும் கேட்டையும் அவ்வினம் என்று அவள் சொன்ன நாள்முதல் எனக்கோர் ஆசை. உமையொருபாகனின் மீனுக்கும் துணை உண்டென்று விஞ்ஞானமே சொல்கிறது எனச் சபையில் அறிவித்துவிட வேண்டும்.

“கேட்டைக்கு உண்டு மாமா, தொலைநோக்கியிலயே தெரியும். ஆதிரைக்கு இதுவரை யாரும் பாக்கலை” என்றவள் சிரித்தாள். “கேட்டைல பிறந்தவன்னு எனக்கு ஏழு வரன் தட்டிப் போச்சு. இப்பம் பாருங்க, கேட்டைக்கே துணை இருக்கு.”

காணாததை எங்ஙனம் எண்ணுவது? ஓரங்களில் துளையிட்ட கணிப்பொறித் தாள்களை விரித்து அவள் விளக்கினாள். கணிப்பொறிக்குள் ஆயிரக்கணக்கில் கற்பனை மீன்களைப் படைத்து, சிலவற்றுக்குத் துணை தருகிறாள். மூன்றாண்டு மட்டும் நோக்குவோர்க்கு அவற்றுள் எத்தனை அகப்படும் என்று பார்க்கிறாள். சுற்றிவர முப்பதாண்டு எடுக்கும் துணை அகப்படுவது அரிது. மெய்யாகக் கண்ட எண்ணிக்கையோடு பொருந்தும்வரை துணைகளைக் கூட்டியும் குறைத்தும் படைக்கிறாள். பொருந்தும்போது உள்ளே படைத்திருந்த துணைகளின் கணக்கே மெய்க்கு நெருக்கம்.

குடிக்கணக்கெடுப்பின்போது மேலப்பாளையத்தில் எனக்கு ஒதுக்கிய தெரு நினைவுக்கு வந்தது. பல வீடுகளில் கணவர் வளைகுடாவில் இருந்தார். கண்டதை மட்டும் எழுதியிருந்தால் பாதித் தெரு தனியாள் ஆகியிருக்கும். அங்கே கதவருகே நின்று கேட்க முடிந்தது. விண்மீனை யார் கேட்பது?

“அப்பம் இந்தத் தாள்ல ஆதிரை எந்தப் பக்கம்மா?”

“எந்தப் பக்கமும் இல்ல மாமா. நூறுல இத்தனைக்குத் துணை இருக்கும்னுதான் சொல்லும். இன்னதுக்கு இருக்குன்னு சொல்லாது.”

“உண்டுன்னு நான் சொன்னா யாரு கேக்கப் போறா?”

“நான் முன்வரிசைல இருப்பேன்லா.”

இருந்தாள். குறிப்பில் ‘உண்டு’ என்று எழுதிவைத்திருந்த இடமும் வந்தது. முன்வரிசையைப் பார்த்தேன். “ஆதிரைக்குத் துணை உண்டா என்பதை இன்னும் எவரும் அறியார், தேடிக்கொண்டிருக்கிறார்கள்” என்றேன்.

முடிந்ததும் மளிகைக்கடை அண்ணாச்சி மறித்துக்கொண்டார். “என்னவே, உண்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருவீரு?”

“தெரியாம எப்படிவே சொல்லுதது?”

வெளியே கிழக்கில் முழுநிலா எழுந்திருந்தது. அதன் அருகே ஆதிரையைத் தேடித்தான் கண்டேன்.

“இம்புட்டு வெளிச்சத்துப் பக்கத்துல நிக்குதது எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

“மீனோட வெளிச்சத்துல மறையுத துணையையும் கணக்குல சேத்திருக்கேன் மாமா. பைய வாங்க, நடந்துக்கிட்டே சொல்லுதேன்.”