வண்டு குடித்த கரண்ட்

ஆவடி குவார்ட்டர்ஸில் ரேவதியைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். ரேவதியின் சேதியைக் கேட்காதவர்கள் கிடையாது. ஃபிசிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியவள். நாமக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்ததோடு அந்தப் படிப்பெல்லாம் மாவு அரைப்பதிலும் துணி உலர்த்துவதிலும் கரைந்துபோனது. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமா அவள்? மதியம் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தால் போனைப் பிடித்துக்கொள்வாள். மற்றவர்கள் புடவை டிசைன் தேடும் நேரத்தில் இவள் இணையத்தைத் துழாவி, யாருக்கும் தெரியாத அதிசயம் ஒன்றைப் பிடித்து, இரண்டு மூன்று இடத்தில் சரிபார்த்து, தமிழில் எழுதிப் புருஷன் பாபுவுக்கு அனுப்புவாள். சரிபார்க்காமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, இருக்க வேண்டியதுதானே?

பாபு வேலை செய்தது ராணுவ டாங்கி தயாரிக்கிற தொழிற்சாலையில். உள்ளே போன் கூடாது. காலையில் கேட்டில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கினால், ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதுதான் திரும்பக் கிடைக்கும். கிடைத்ததும் அவன் முதலில் பார்ப்பது ரேவதியின் சேதியை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று சத்தமாகப் படிப்பான். "இன்னா மாமே, இன்னிக்கு அண்ணி இன்னா சொல்லுது?" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள்.

ஆனால் ரேவதி காத்திருந்தது அதற்கு அல்ல. பாபு பக்கத்து நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூட கழற்றாமல், அடுப்படிப் பக்கம் தலையை நீட்டி, "மெய்யாலுமா?" என்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் மதியமெல்லாம் தேடினாள்.

"வீனஸ்ல ஒரு நாள் முடியறதுக்குள்ள ஒரு வருஷமே முடிஞ்சுருங்க."

"மெய்யாலுமா? அங்க நைட் ஷிப்ட் போட்டான்னா தொலஞ்சோம்மே!"

உலகத்தின் முதல் வெப்கேமரா காபி பாத்திரத்தைக் கண்காணிக்க வைத்தது என்றாலும், ஹாலிவுட் படத்தில் டைனோசர் கத்துகிற சத்தம் உண்மையில் ஆமையினுடையது என்றாலும், அதே மெய்யாலுமா. டீ பொங்கி அடுப்பில் வழியும். அவள் விளக்கிக்கொண்டே இருப்பாள். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

போன வருடம் பாபுவுக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. மகள் நிவேதிதா பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பரீட்சை முடிகிற வரைக்கும் ரேவதி இங்கே, அவன் அங்கே.

சேதி நிற்கவில்லை. பதிலாக மெய்யாலுமா வருவதுதான் நின்றுபோனது. தினமும் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு கட்டைவிரல் வரும். மஞ்சளாக, மொழுக்கென்று, ஒரே ஒரு கட்டைவிரல். சாப்பிட்ட பிறகு போன் பண்ணுவான்: சாப்ட்டியா, பாப்பா படிக்குதா, தண்ணி வருதா. சேதியைப் பற்றி மூச்சே விடமாட்டான். அவளும் கேட்கமாட்டாள். கேட்டு வாங்கினால் அது மெய்யாலுமாவா? ஆனால் மனசு கிடந்து தவித்தது. சாயங்காலம் ஆனால் டீத்தூளைப் பழைய கணக்கில் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் கொட்டும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கோமளா கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா ரேவதி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"அவர் படிக்கறதே இல்லக்கா. பாக்காமயே விரலைப் போட்டுட்டுப் போறாரு."

"அட, இதுக்கா? ஒரு டூப்பு உட்டுப் பாரு. படிச்சா கேப்பாரு, படிக்கலன்னா விரலு வரும்."

பாவி மனசு, கேட்டுக்கொண்டது. ரேவதி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சேதியைச் சொந்தமாகக் கட்டினாள்: போன் சார்ஜரில் ஒட்டிக்கொண்டு கரண்ட் குடிக்கிற ஒரு வண்டு இருக்கிறதாம், சார்ஜ் மெதுவாக ஏறுவதற்கு அதுதான் காரணமாம். அனுப்பும்போது விரல் கூசியது. அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் வந்தது, கட்டைவிரல்.

ரேவதி போனைக் குப்புறப் போட்டுவிட்டு, வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதாள். அன்று பாபு போன் பண்ணவில்லை.

மறுநாள்தான் பண்ணினான். குரலே சரியில்லை.

"அந்த வண்டு மேட்டரு, எதுலமே படிச்சே?"

அவளுக்கு நெஞ்சு குதித்தது. "படிச்சீங்களா?"

"இன்னா கேள்விமே இது? தெனம் அதான என் பொயப்பே இங்க."

அப்புறம் அவன் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாத கதை. போன புதிதில் இந்தி ஒரு வார்த்தை வராமல், கேட்டில் போன் வாங்குகிற வரிசையில் ஊமையாக நின்றிருக்கிறான். ஒருநாள் அவளுடைய சேதியைப் படித்துத் தனியாகச் சிரிக்க, பக்கத்தில் இருந்தவன் என்னவென்று கேட்டிருக்கிறான். "ஆக்டோபஸ். தில். தீன்" என்று நெஞ்சைத் தொட்டு மூன்று விரலைக் காட்டியிருக்கிறான் பாபு. அன்றிலிருந்து வரிசையே இவனுக்காகக் காத்திருக்கும். இவன் பாதி இந்தியிலும் மீதி கை ஜாடையிலும் சொல்ல, அவர்கள் கேட்பார்கள். அப்படிக் கிடைத்தவர்கள்தான் அவனோடு டீ குடிக்கிறவர்களும் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்களும்.

"ஏங்க, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, நான் பேச ஆளில்லாம கெடந்ததும் சொல்லணும். நீ அயுவே. அதான் சொல்லல. பின்னாடி நிக்கிறவன் தள்ளிகினே இருப்பான், ஒரு வெரல போட்டுட்டு கதைய ஆரம்பிச்சிடுவேன்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"நீ பொய் அனுப்ப மாட்டேன்னு நெஞ்ச நிமித்திகினு சொன்னேன்மே. ஒருத்தன் போன்ல தேடிப் பாத்துட்டான். அப்டி வண்டே இல்லியாம். இப்ப என் பேரு கீடா பாபு. கீடான்னா பூச்சி. இன்னிக்கு யாரும் ஒண்ணும் கேக்கல. போன வாங்கிகினு அவனவன் போய்ட்டான்."

"நான்தாங்க கட்டுனேன்," என்றாள் ரேவதி. "நீங்க படிக்கறீங்களான்னு பாக்கத்தான்..."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேமே," என்றான். வைத்துவிட்டான்.

ரேவதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனிடமிருந்து ஒரு வார்த்தைக்கு ஏங்கி, அவன் வாயையே அடைத்துவிட்டாளே! கோமளாவைத் திட்டலாம் என்று பார்த்தால், அனுப்பிய விரல் தன்னுடையதாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நிவேதிதாவைப் பிடித்து நிறுத்தினாள். மத்திய அரசுப் பள்ளி, அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

"பாப்பா, நான் சொல்றதை இந்தியில சொல்லிக் குடு. என் குரல்லயே பேசி அனுப்பணும்."

"அம்மா, நீயா? யாராவது இந்தியில வழி கேட்டாலே என்னைக் கூப்பிடுவியே!"

"சொல்லிக் குடுடி."

முதல் தடவை கோமளா வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அடுத்த தடவை நாக்கு பிரண்டது. ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். "ஜூட் மைனே போலா, பாபு நே நஹி." பொய் சொன்னது நான், பாபு இல்லை. அதற்குப் பிறகு அன்றைய சேதி: வானத்துக்கு அப்பால் வெகுதூரம் போய்விட்ட ஒரு விண்கலத்துக்குப் பூமியிலிருந்து தப்பான கட்டளை ஒன்று போய்விட்டது, அது முகத்தைத் திருப்பிக்கொண்டது, பேச்சு நின்றது, விஞ்ஞானிகள் இங்கிருந்தே பலமாகக் கூப்பிட்டார்கள், அது மறுபடி பூமியின் பக்கம் திரும்பிப் பேசியது. மூன்று இடத்தில் சரிபார்த்திருந்தாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரம் வந்தது. கட்டைவிரல் வரவில்லை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்க, போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிங் என்றது. குரல் பதிவு.

பஸ் ஹாரன், யாரோ இந்தியில் ஏதோ சொல்கிறார்கள், ஒருவன் சிரிக்கிறான். பிறகு ஒரு பெருங்கூட்டம் ஒன்றாக, நாக்கு புரளாமல், கத்தியது: "மெய்யாலுமா?"

ரேவதி அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடி போட்டுக் கேட்டாள். மறுபடியும் போட்டாள். அத்தனை குரலில் அந்த ஒரு குரலைத் தேடினாள். இருந்தது. எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, போனுக்குப் பக்கத்தில், மெல்ல:

"மெய்யாலுமாமே?"

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். செருப்பு விடுகிற இடத்தில் யாருமில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

"ஆமாங்க," என்று அந்த வாசலைப் பார்த்து விளக்கத் தொடங்கினாள். "அது எவ்ளோ தூரம்னா..."